ஆரம்பக் கூட்டத்தில் சிறுநீரகத்தையும் ஒரு விடயமாக எடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வட்டை விதானைமாருக்கும்,

அண்ணன்மாரே, காக்காமாரே, தம்பிமாரே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்கள் கூடப்போகின்றன. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, வாய்க்கால் துப்புரவு எப்போது, விதைப்புக்குக் கடைசித் திகதி எது, மாடுகளை எந்த நாளுக்குள் வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) அப்புறப்படுத்த வேண்டும், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்றெல்லாம் அங்கே பேசித் தீர்மானிப்பீர்கள். அந்தத் தீர்மானங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். வயலில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும், காணிக்காரருக்கும் கூலிக்கு வருகிறவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், விதைப்புக்கு முன் ஒரு தடவை குருதியில் கிரியேட்டினின் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; சிறுநீரகம் பழுதானால் அது குருதியில் கூடும்.

நான் படுவான்கரையில் வெள்ளாமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒன்றுக்குக் கிட்ட இருக்க வேண்டிய கிரியேட்டினின், குருதிக் குப்பியில் 8 என்றும் 9 என்றும் வரும்போது அதில் ஒட்டியிருக்கும் வயதைப் பார்ப்பேன். சில குப்பிகளில் 42, 47 என்று இருக்கும். சீனி வருத்தம் இல்லை, பிரஷரும் முந்தி இருந்ததில்லை. போன போகம் வரை முதுகில் டாங்கியைச் சுமந்து எண்ணெய் (கிருமிநாசினி, களைநாசினி) அடித்தவராக இருப்பார். சாப்பாட்டில் மனம் போகவில்லை, கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, ஏறி இறங்கினால் மூச்சு வாங்குது என்றுதான் வந்திருப்பார். அந்த நிலையில் வருகிறவருக்கு வைத்தியர் சொல்லக்கூடியது டயாலிசிஸ், அதாவது குருதியை இயந்திரத்தால் சுத்திகரிப்பது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணித்தியாலம் அளவில் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒரு சிறுநீரகம் தர வேண்டும். வெள்ளாமையை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படி வரும் எல்லோருக்கும் ஒரே நோய் என்று சொல்ல மாட்டேன். கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு நகரம் போன்ற இடங்களில் சிறுநீரகம் பழுதாவதற்குச் சீனியும் பிரஷரும் பெரிய காரணங்கள். உலகம் முழுக்கவும் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டும் இல்லாத, வயலில் வேலை செய்கிற ஆட்களைப் பிடிக்கிற ஒரு சிறுநீரக நோய் இந்த நாட்டில் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில் வைத்தியர்கள் அதைக் கவனித்தார்கள். காரணம் இன்னதென்று தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று இன்றும் அதை எழுதுகிறார்கள். அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே தெஹியத்தகண்டியும் மகாஓயாவும் அந்த நோய் உள்ள இடங்களாக அறியப்பட்டவை. நமது கிழக்கு மாகாணத்தின் வடக்கு முனையில், திருகோணமலை மாவட்டத்தில், பதவி ஸ்ரீபுரவும் அப்படித்தான். அதே மாகாணம், அதே நெல்லு, அதே களைநாசினி, அதே வெயில். குருதி எடுத்துப் பார்க்காத ஊரில் நோயாளி இல்லை என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது.

இதைப்பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் ஒன்றை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் கமனி வனிகசூரியவும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்டது அது. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாமல் சிறுநீரகம் பழுதானவர்களையும், அந்த நோய் இல்லாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்களிடம் இருப்பதில் அவர்களிடம் இல்லாதது என்ன என்று பார்த்தார்கள். வேறாகத் தெரிந்தவை: கமம் செய்வது, கிருமிநாசினி பாவிப்பது, கிணற்றுத் தண்ணீர் குடிப்பது, குடும்பத்தில் வேறு எவருக்காவது சிறுநீரக வருத்தம் இருப்பது, நாட்டு மருந்து எடுத்திருப்பது, பாம்பு கடித்திருப்பது.

அந்தப் பட்டியலை முதல் தடவை வாசித்தபோது, அனுராதபுரத்தைப் பற்றி எழுதியிருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, சம்மாந்துறை, திருக்கோவில் என்று எந்த வட்டை வாடியில் (வயல் குடிசையில்) இரவு தங்கியவரும் இதில் பாதிக்கு மேல் தன் வாழ்க்கை என்று சொல்வார். வாடிக்குப் பக்கத்தில் வெட்டிய கிணற்றில் அள்ளிக் குடித்திருப்போம். இரவில் தண்ணீர் திருப்பப் போய் வரம்பில் புடையன் பாம்பு கடித்தவரை எல்லோருக்கும் தெரியும். விஷகடி வைத்தியத்துக்குப் பேர்போன ஊர்கள் நமக்குண்டு. இதைச் சொல்லும்போது நாட்டு வைத்தியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஈஸ்வரமூலி போன்ற சில செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உலகத்தில் வேறு இடங்களில் நிறுவப்பட்ட விடயம். ஆகவே வைத்தியர் கேட்டால், நாட்டு மருந்து எடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். புடையனின் விஷமும் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். கடிபட்டு உயிர் தப்பியவர்கள் அதன் பிறகு சிறுநீரகத்தைப் பரிசோதித்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் குறைவு.

இந்தத் துறையில் நான் மதிப்பது வனிகசூரியவின் அடுத்த வேலையையும்தான். கட்மியம் என்ற உலோகம், உரத்தோடும் தண்ணீரோடும் வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அப்போது பலமான பேச்சு. அவருடைய குழு 2011இல் அதைத் தேடிப் பார்த்து, தாங்கள் பார்த்த மக்களிடையே கட்மியம் இந்த நோய்க்குக் காரணமாகத் தெரியவில்லை என்று எழுதியது. சரி, அதோடு முடிந்ததா? இல்லை. 2013இல் உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. அது நோயாளிகளின் சலத்தில் கட்மியம் கூடுதலாக இருக்கிறது, இதுவும் ஒரு காரணமாகலாம் என்றது. இரண்டு வருட இடைவெளியில் இரண்டு விதமான முடிவுகள். இரண்டு குழுவினரும் தாங்கள் கண்டதைத்தான் எழுதினார்கள். பார்த்த ஆட்கள் வேறு, ஒப்பிட்ட விதம் வேறு. ஆராய்ச்சி இப்படித்தான் நகரும். ஒருவர் வைத்ததை மற்றவர் எடுத்துப் பார்த்து, சரி என்பார் அல்லது இல்லை என்பார்.

அதே 2013 ஆய்வில் என் கண்ணில் குத்திய இன்னொரு விடயம் உண்டு. இந்த நோய் ஆம்பிளைகளின் நோய் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டால் ஆண்களில் 12.9 சதவீதம், பெண்களில் 16.9 சதவீதம் என்று வந்தது. ஆனால் முற்றிய நிலைகளில் ஆண்களே அதிகம். பெண்களிடம் நோய் இருக்கிறது, ஆரம்ப நிலையில் இருக்கிறது. பரிசோதனைக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. நாற்று நடுகிற, களை பிடுங்குகிற, வாடிக்குச் சோறு கொண்டுபோகிற நம்முடைய பெண்களின் பெயர் எந்தக் கமக்காரர் அமைப்புப் பட்டியலிலும் பெரிதாக இருப்பதில்லை. அதனால்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று முதலிலேயே எழுதினேன்.

களைநாசினிக் கதைக்கு வருகிறேன். இதை விட்டால் கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேட்பார்கள். 2014இல் சன்ன ஜயசுமன என்ற ஆராய்ச்சியாளரும் வேறு இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபோசேட் என்ற களைநாசினி, தண்ணீரின் கடினத்தன்மை, நச்சு உலோகங்கள் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பது அவர்களின் கருத்து. அது கருதுகோள்தான். புதிதாக ஆட்களைப் பரிசோதித்து எழுதியதல்ல. அடுத்த வருடம் ஜயசுமனவும் வேறு சிலரும் பதவி ஸ்ரீபுரவில் ஆட்களைப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்களவும், பாவிக்காமல் கைவிடப்பட்ட கிணறுகளிலிருந்து முன்பு குடித்தவர்களுக்கும் கிளைபோசேட் அடித்தவர்களுக்கும் ஐந்து மடங்களவும் கூடுதலாக இருந்தது என்று எழுதினார்கள். ஏன் அந்தக் கிணறுகள் கைவிடப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கடுத்திருக்கும், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்படியான கிணறு நம்மிடமும் ஊருக்கு ஊர் உண்டு. 2023இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் இலங்கை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, நோய் உள்ள இடங்களின் கிணறுகளில் 44 சதவீதமானவற்றில் கிளைபோசேட் இருந்ததாகவும், நோய் இல்லாத இடங்களில் 8 சதவீதத்தில்தான் இருந்ததாகவும் சொன்னது. கடினத் தண்ணீரில் அது சீக்கிரம் சிதையாமல் தங்கிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். அந்தக் கிணறுகளில் புளோரைட்டும் கூடுதல். இதுவும் ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுதான் காரணம் என்று முடிக்கவில்லை.

இதற்கிடையில் அரசாங்கங்கள் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். நெல்லுக்காரன் கறுப்புச் சந்தையில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் போத்தல் வாங்கினான். பிறகு 2021இல் இரசாயன உரம் முழுவதையும் ஒரே இரவில் நிறுத்தினார்கள். சிறுநீரக நோயும் அதற்கு ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. அந்தப் போகத்தில் சம்மாந்துறையிலிருந்து வாகரை வரை வயல்கள் மஞ்சளாகி நின்றதையும், ஏக்கருக்கு வந்த மூட்டைகளையும் எவரும் மறக்கவில்லை. சில மாதங்களில் அந்தத் தடையும் எடுபட்டது. அதற்குப் பிறகு சிறுநீரகம் என்று ஒருவர் வாயெடுத்தாலே, இன்னொரு தடை கொண்டுவரப் போகிறார்கள் என்று கமக்காரர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் நம் உடம்பைக் காப்பாற்றாது. நான் கேட்பது எந்தப் போத்தலையும் தடை செய்யச் சொல்லியல்ல. குருதியைப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

காரணம் என்னவென்று ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்ளும்வரை நாம் காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே மாதிரி நோய் இருக்கிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும் இருக்கிறது. அங்கேயும் காரணம் பற்றி வாதம் முடியவில்லை. ஆனால் நிக்கராகுவாவில் ஒரு கரும்பாலையில் காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. வெட்டுகிறவர்களுக்கு நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் வேலை ஒழுங்கிலேயே கட்டாயமாக்கினார்கள். நிழல் கூடாரத்தை வெட்டுகிற இடத்துக்கே கொண்டுபோனார்கள். அதன் பிறகு தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததாக அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். இலங்கையில் வெக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வெயில் அனுராதபுரத்து வெயிலுக்குக் குறைந்ததில்லையே, ஆனால் அங்கே இந்த நோய் இப்படிப் பரவலாகப் பேசப்படவில்லை. இருந்தாலும், உடம்பில் தண்ணீர் வற்ற வற்ற வேலை செய்வது எந்தச் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அப்போ கிரியேட்டினின் ஏன்? பலர் சொல்வார்கள், "சலம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று சொல்லிட்டாங்க" என்று. மருத்துவ முகாம்களில் சலத்தில் ஒரு பட்டியை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது சலத்தில் புரதம் கூடுதலாகப் போகிறதா என்று காட்டும். சீனி வருத்தத்தால் வரும் சிறுநீரகப் பாதிப்பில் புரதம் நேரத்தோடேயே கசியும், பட்டி அதைப் பிடிக்கும். நான் எழுதுகிற இந்த நோய் வேறு மாதிரி. நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் 2012இலேயே எழுதியிருக்கிறார்கள்: முதலில் அடிபடுவது வடிகட்டும் முடிச்சு அல்ல, அதற்குக் கீழே ஓடும் நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள இடமும்தான். அதனால் ஆரம்பத்தில் புரதம் பெரிதாகப் போகாது. பிரஷரும் ஏறாது. பட்டி நிறம் மாறாமல் இருக்க, சிறுநீரகம் பாதி போயிருக்கும். சலத்தில் மிக நுண்ணிய அளவில் போகும் அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கிற பரிசோதனை பட்டியைவிட நல்லது. வனிகசூரியவின் குழு அதை ஆரம்ப அடையாளமாகப் பாவிக்கலாம் என்றே 2011இல் சொன்னது. ஆனால் இப்போது உலகளவில் இந்த நோயைத் தேடுகிறவர்கள் முதன்மையாக நம்புவது குருதியில் கிரியேட்டினினை அளந்து, அதிலிருந்து வடிகட்டல் வீதத்தை, அதாவது சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகின்றன என்பதை, கணக்கிடும் முறையை.

இந்தக் கணக்கை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தனியார் ஆய்வுகூடத்தில் 1.2 என்று துண்டு தருவார்கள். பக்கத்தில் சாதாரண அளவு என்று ஒரு வீச்சு அச்சடித்திருக்கும். அதற்குள் இருந்தால் எல்லாம் சரி என்று துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார்கள். 45 வயது ஆண் ஒருவருக்கு 1.2 என்றால் வடிகட்டல் வீதம் நிமிடத்துக்கு 76 மில்லிலீற்றர் அளவில் வரும், பெரிய பயமில்லை. அதே 45 வயதில் ஒரு பெண்ணுக்கு அதே 1.2 வந்தால் வீதம் 57 அளவுக்கு இறங்கிவிடும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அதற்குப் பெயர் நாட்பட்ட சிறுநீரக நோய். ஒரே இலக்கம், ஒருவர் நலமாக இருக்கிறார், மற்றவர் நோயாளியாக இருக்கலாம். வயதும் ஆணா பெண்ணா என்பதும் சேராமல் கிரியேட்டினினை வாசிக்கக் கூடாது. ஆகவே முடிவு கைக்கு வரும்போது வடிகட்டல் வீதத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

குருதி எடுக்கும் நாளும் முக்கியம். நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், அடுத்த நாள் போய்க் கொடுத்தால் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டும். முதல் நாள் இரவு இறைச்சி நிறையச் சாப்பிட்டாலும் கூட்டும். அதனால்தான் விதைப்புக்கு முன் என்று கேட்கிறேன். வயல் வேலை தொடங்காத நாட்களில், காலையில், தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கூடுதலாக வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும், ஒரு தடவை வந்ததை வைத்து யாருக்கும் நோயாளி என்று பெயர் வைக்கக் கூடாது. அறுவடை முடிந்த பிறகு எல்லோருக்கும் இரண்டாம் தடவை பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு போகத்தில் உடம்பு எவ்வளவு இழுபட்டது என்று அப்போதுதான் தெரியும்.

இதை யார் செய்வது, காசு யார் தருவது என்று கேட்பீர்கள். இப்படியான ஒழுங்கு ஒன்று நமக்கு ஏற்கனவே பழக்கம். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலில் இறங்கும் ஆட்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், பெயர் எழுதுவார், குளிசை தருவார். அந்தப் பட்டியல், அந்த ஆள், அந்த வழி எல்லாம் இருக்கிறது. அதே நாளில் குருதியும் எடுக்கலாம். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அமைப்பின் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். தனி ஆள் போய்க் கேட்பதற்கும், இத்தனை ஏக்கர் செய்கிற ஓர் அமைப்பு எழுத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆரம்பக் கூட்டத்துக்கு அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குகிறார். அவர் முன்னிலையில் கேட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறும். ஏறியதை அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வெள்ளாமைக்காரரின் பிள்ளைகள். அவர்களின் விரிவுரையாளர்களுக்கும் இதே கடிதத்தின் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

பல்கலைக்கழகத்தார் வந்தால் அவர்களிடம் ஒரு நிபந்தனை போடுங்கள் என்று நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். குருதி எடுத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள், அவற்றைக் கொடுத்தவருக்கு முடிவைத் தமிழில் திருப்பித் தர வேண்டும். அவரவர் முடிவு அவரவர் கையில். கிணற்றின் முடிவு கிணற்றுக்காரர் கையில். இந்த நோயைப்பற்றி வெளிவந்த கட்டுரைகள் அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதை எழுதியவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை, உலகம் வாசிக்க அந்த மொழி வேண்டும். ஆனால் கை நீட்டிக் குருதி கொடுத்த மனிதன் தன் இலக்கத்தை அறியாமல் செத்துப்போகக் கூடாது. என் வேலைக் காலத்தில், ஓர் ஊரில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு போன குழு ஒன்றிடமிருந்து ஒரு துண்டுத் தாள்கூடத் திரும்பி வரவில்லை. அந்த ஊர்ச் சனம் அடுத்த குழுவைக் கண்டதும் படலையைச் சாத்திக்கொண்டது. சனத்தில் பிழை சொல்ல முடியுமா?

அதே மாதிரி நீங்களும் ஒன்றைக் காக்க வேண்டும். யாருக்குக் கூடுதலாக வந்தது என்ற பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். கிட்னிக்காரன் என்று பெயர் விழுந்தால் கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள், வீட்டில் இருக்கும் குமர்ப்பிள்ளையின் கலியாணப் பேச்சு நிற்கும். பயத்தில் அடுத்த தடவை யாரும் கையை நீட்ட மாட்டார்கள். முடிவு சுகாதார உத்தியோகத்தருக்கும் அந்த ஆளுக்கும் இடையில் இருக்கட்டும்.

நேரத்தோடு தெரிந்தால் என்ன லாபம்? இழந்ததைத் திருப்பி எடுக்க மருந்தில்லை, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் மிச்சமிருப்பதை நீண்ட காலம் வைத்துக்கொள்ளலாம். கிளினிக்கில் பதிந்து பிரஷரைக் கட்டுக்குள் வைக்கலாம். கிணற்றை மாற்றலாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் ஊர் என்றால் குடிக்க அதையே பாவிக்கலாம். வராத ஊரில் மழைத் தண்ணீரைச் சேமிக்கலாம், அல்லது உப்புகளை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர் எடுக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, கடினமும் முழுதாகப் போகாது, இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கூடுதலாக, நோக்குளிசையை நிறுத்தலாம். எண்ணெய் அடித்துவிட்டு, மூட்டை தூக்கிவிட்டு, முதுகுநோவுக்குக் கடையில் டைக்குளோபினாக்கும் இபுபுறூபனும் வாங்கி விழுங்குகிறோமே, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைத்துவிடும். நல்ல சிறுநீரகமே அதில் அடிபடும், ஏற்கனவே பழுதானது எப்படித் தாங்கும்? நோவுக்குப் பனடோல் அளவோடு போடலாம். கிராமத்துக் கடைக்காரர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கூலிக்கு ஆள் வைத்து வயல் செய்விக்கும் போடியார்மாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வேலைக்கு வருகிறவர்களைக் காலை ஐந்தரைக்கு இறக்கி, பதினொரு மணிக்குக் கரையேற்றுங்கள். மிச்சத்தை வெயில் தாழ்ந்த பிறகு செய்யலாம். வாடியில் நல்ல தண்ணீர்க் கான் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும், அது மருந்து கலக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். எண்ணெய் அடிக்கிறவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்தால் வெக்கையில் போட மாட்டேன் என்பார், அதுவும் உண்மைதான், அந்தச் சூட்டில் அது பெரிய பாடு. அதற்காகத்தான் அடிப்பதை விடிய நேரத்துக்கு மாற்றச் சொல்கிறேன். காற்றும் அப்போது குறைவு. நாட்கூலிக்கு வருகிறவர் வேறு ஊரிலிருந்து வருவார், எந்த அமைப்பிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் ஒரு போகத்தில் பத்துக் காணிக்கு எண்ணெய் அடிப்பவர் அவர்தான். காணிக்காரரைவிட அவருக்குத்தான் பரிசோதனை அதிகம் தேவை. பட்டியல் எழுதும்போது, "உன் வயலில் யார் எண்ணெய் அடிக்கிறது?" என்று ஒவ்வொரு அங்கத்தவரிடமும் கேட்டு அந்தப் பெயரையும் எழுதுங்கள்.

தீர்மானத்துக்கு வசனம் வேண்டுமென்றால் இதைப் பாவிக்கலாம்: "இப்போகத்தில் எமது வட்டைகளில் வேலை செய்யும் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், காணி உரிமை பாராமல், விதைப்புக்கு முன்னர் குருதிக் கிரியேட்டினின் பரிசோதனை செய்து, வடிகட்டல் வீதத்தையும் குறிப்பிட்டு, முடிவைத் தமிழில் உரியவரிடம் வழங்குமாறு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரை இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது. அளவு கூடியவர்களுக்கு மூன்று மாதத்தில் மீள்பரிசோதனையும், அவர்கள் குடிக்கும் கிணற்றின் நீர்ப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும்." முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் இருந்தால் போதும். அம்பாறைப் பக்கம் சிங்களக் கமக்காரரும் சேர்ந்த குளங்கள் என்றால் சிங்களத்திலும் ஒரு பிரதி தயாராக வையுங்கள். தெஹியத்தகண்டிக்காரருக்கு இந்த நோயைப்பற்றி நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். அவர்களில் ஒருவரைப் பேசக் கூப்பிட்டாலும் நல்லது.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் வந்து இதே விடயங்களை நேரில் சொல்கிறேன். துண்டுகளை வாசித்து வடிகட்டல் வீதம் கணக்கிட உங்கள் அமைப்பில் படித்த பிள்ளைகள் இரண்டு பேரைத் தந்தால், ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம். திகதி குறித்ததும் கமநல சேவை நிலையத்தில் சொல்லி வையுங்கள், அங்கே எனக்குத் தகவல் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
படுவான்கரை.